பீப்பாவுக்குத் தீனி போட்டவர்

ஆரையம்பதி வடிவேல் மாஸ்டர் வீட்டுக் கிணறு உவர்த்தது அவர் புதைத்த சூட்டினாலா, அந்த வருடம் மாரி பிந்தியதாலா? நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவள் என்பதால் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. சென்ற செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் காலமான செய்தியை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார். சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறியவர், மறுபடியும் இறங்கி, "அப்ப அந்தப் பீப்பா ரீச்சர்?" என்றார்.

மாஸ்டரை அறியாதவர்களுக்கு அந்தப் பீப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தவர். ஓய்வு பெறுவதற்குச் சில காலம் முன்பு ஒரு சஞ்சிகையில், அணு உலைக் கழிவை ஆழப் பாறைக்குள் புதைக்க வெளிநாடுகளில் யோசிக்கிறார்கள் என்று வாசித்தார். அதன் நஞ்சைப் பற்றிக் கவலைப்பட வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார். புதைத்த பிறகும் அது தலைமுறை தலைமுறையாகச் சூடு விட்டுக்கொண்டிருக்கும் என்ற ஒரு வரிதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

"சூடு ஆறும் ரீச்சர். அது ஆறுமட்டும் பக்கத்துக் கல்லும் தண்ணியும் சும்மா கிடக்குமா?"

கிடக்காது என்றேன். சூடேறிய நீர் மேலெழும். அந்த இடத்துக்குச் சுற்றிலுமுள்ள நீர் வரும். அது போகிற வழியில் சிலதைக் கரைக்கும், சிலதைப் படியவிடும். நான் அத்துடன் நிறுத்திக்கொண்டேன். மாஸ்டர் நிறுத்தவில்லை. தண்ணீர் கொதிக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதுபோல், சூடே தன்னைச் சுற்றி ஒரு கற்கூட்டைக் கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே போகாது, உலகம் தப்பிவிடும் என்றார். அந்தக் கூடு பிளக்காதா என்று கேட்டேன்.

"அதத்தான் பாப்பம்."

பார்க்க அவர் தெரிந்தெடுத்த இடம், மனைவி பூமணி அக்காவின் கிணற்றடி. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள அந்த மணல் நிலத்தில், உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நல்ல தண்ணீர் மிதக்கிறது. தெரு முழுவதும் குடிக்க அள்ளுவது அக்காவின் கிணற்றில்தான். அதன் அருகே மாஸ்டர் ஒரு தார்ப்பீப்பாவை ஈரமண் வரை இறக்கிப் புதைத்து, காற்றுக்குக் குழாய் வைத்து, உள்ளே உமியை மூட்டினார். மில்லிலிருந்து சாக்குச் சாக்காக உமி வந்தது. காலையும் மாலையும் தம் கையாலேயே போட்டார்.

"மத்த ஆக்கள் மாடு வளக்காங்க கா. எண்ட மனிசன் பீப்பா வளக்கார்" என்று அக்கா அயலாரிடம் சொன்னார்.

சில வாரங்களில் கிணற்று நீர் இளஞ்சூடானது. முழங்கால் நோவுள்ளவர்கள் வாளியோடு வரத் தொடங்கினார்கள். மண்டூரிலிருந்து வண்டி கட்டி வந்து குளித்த ஒரு முதியவர், நோவில் பாதி போய்விட்டது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். மாஸ்டர் அவரை உட்காரவைத்து வெப்பச் சலனத்தை விளக்கினார். முதியவர் விளக்கம் முடியும்வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் தேநீர் கரித்தது. அக்கா கோப்பையை மாஸ்டர் முன் வைத்து, அவர் ஒரு வாய் குடிக்கும்வரை நின்றார்.

"தெருவுக்கே தண்ணி குடுத்த கிணறு. நீங்க உலகத்தக் காப்பாத்துங்க. மறுகா நாங்க என்னத்தக் குடிக்கிற?"

மாஸ்டர் அன்றே உமி போடுவதை நிறுத்தினார். சூடுதான் அடியிலிருந்த உப்புநீரை மேலே இழுத்தது என்பது அவர் முடிவு. மழை பெய்யவில்லை என்பதை நான் நினைவூட்டினேன். எதுவானாலும், மாரி வந்து கிணறு தேறும்வரை கோயில் கிணற்றுத் தண்ணீரைச் சைக்கிளில் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோனவர் அவர்தான். குடத்தை இறக்கும்போது விளக்கமும் சொன்னார். சில வீட்டார் வெறுங்குடத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடப் பழகினார்கள்.

கிணறு தேறிய பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசை மிஞ்சியிருந்தது: பீப்பாவைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணைக் கிளறினால் உப்புத் திரும்ப வரும் என்று அக்கா விடவில்லை. "நீங்க சொன்னாக் கேப்பா ரீச்சர். ஒருக்காப் பாத்தாக் காணும், வேற எதுவும் வேணாம்" என்று என்னைத் தூது அனுப்புவார். நான் சொல்வேன், அக்கா தேநீர் தருவார், அனுமதி தரமாட்டார். ஓய்வு பெற்றபின் மாஸ்டர் அந்த இடத்திலேயே உட்காரக் கதிரையைப் போட்டுக்கொண்டார். கடைசியாக நான் போனபோதும் அதில்தான் இருந்தார்.

"கூடு கட்டியிருக்கும். நான் சொல்லுறன்."

பிளந்திருக்கும் என்றேன். சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, அது ஓய நெடுநேரம் ஆனது.

புதன்கிழமை மாலை அவரை அடக்கம் செய்தார்கள். அதுவும் மணல்தான். அங்கேயும் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள், மாஸ்டர்.

அடுத்த நாள் அக்கா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது கதிரை நகர்த்தப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பளவு குழிக்குள் நின்றார். பீப்பா துருவேறி உதிர்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த சிப்பி மணல் வெள்ளையோடி இறுகி, ஒரு கற்கூடாகவே நின்றது. அடியில் விரல் நுழையுமளவு ஒரு பிளவு.

அக்கா குனிந்து அதைத் தடவினார். "அப்ப ரெண்டு பேர் சொன்னதும் சரியா?"

ஓம் என்றேன்.

அவர் எழுந்துபோய் ஒரு வாளி இறைத்து, வாயில் விட்டுப் பார்த்து, எனக்கும் தந்தார். கரிக்கவில்லை.

"நாளைக்கும் பாப்பம்" என்றார் அக்கா.