அக்காவுக்கு ஒரு வாசல்

அண்ணனூரில் மனை வாங்கிய பிறகு ஒரே மாதத்தில் தரைத்தளத்துக்கு மூன்று பிளான் போட்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், மெஷின்களுக்கு அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் வேலை என்பதால் ஸ்கேலும் பென்சிலும் கைக்குப் பழக்கம். முப்பதுக்கு ஐம்பது மனை. முதல் பிளானில் சமையலறை பின்பக்கம், இரண்டாவதில் முன்பக்கம், மூன்றாவதில் ஸ்கூட்டர் நிறுத்த ஒரு போர்ட்டிகோ. அப்போது என்னிடம் ஸ்கூட்டரே கிடையாது. மூன்றிலும் பெரிய ஹால் இருந்தது, எனக்கும் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரு படுக்கையறை இருந்தது. அக்காவுக்கு மட்டும் எதிலும் அறை இல்லை.

மறந்துபோய் விட்டதல்ல. தெரிந்தேதான் விட்டேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு கைத்தடி ஊன்றி நடப்பாள். எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பேச்சை யாரையும் எடுக்க விடமாட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகைப் போர்ஷனில் எங்களோடுதான் இருந்தாள்.

அவளும் என் மனைவியும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒருநாள் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைத் திறந்து பார்த்த அக்கா, யாரையும் கேட்காமல் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். மனைவி ஏற்கெனவே போட்டிருந்தாள். அங்கே ஆரம்பித்த பேச்சு, யார் வீடு, யார் சமையல், யார் எத்தனை நாளைக்கு என்று எங்கெங்கோ போய் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். சோறு ஆகிவிட்டது என்று சொல்லச் சொல்வாள் மனைவி. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்கா, அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லச் சொல்வாள்.

மனை பதிவான வாரம் அக்கா என்னிடம் தனியாக, "நீ ஊட்டைக் கட்டிக்கினு நிம்மதியா போ. குமணன்சாவடிகிட்ட ஒரு லேடீஸ் ஆஸ்டல் பாத்து வெச்சிருக்கேன்" என்றாள். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு நெரிசலான பஸ்ஸில், அந்தக் காலோடு தினமும் ஏறி இறங்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி, பார்க்கலாம் என்றேன். மனைவியிடம் இந்தப் பேச்சை எடுக்கவே பயம். அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வது? கேட்காமல் இருந்தால் பதில் தெரியாமலே காலம் தள்ளிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

பூந்தமல்லியிலிருந்து வந்த மேஸ்திரி எங்களுக்கு அமைந்தார். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், அறைகளைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிடுவார். காகிதத்தில் பார்த்தால் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வீட்டுப் பெண்களையும் கூட்டிவாருங்கள் என்றார். வீட்டில் சொன்னதும் மனைவி, "உங்க அக்காவையும் வரச் சொல்லுங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. இருந்தாலும் வந்தாள்.

ரயிலில் அண்ணனூர் வந்து, அக்காவையும் குழந்தையோடு மனைவியையும் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு நான் நடந்து வந்தேன். போய்ச் சேர்ந்தபோது பாய் மூன்றாவது பிளானைத் தரையில் போட்டு முடித்திருந்தார். கோடுகளுக்கு நடுவே நடந்து, இது ஹால், இது பெட்ரூம், இது கிச்சன், பாத்ரூம் வெளியே பின்பக்கம் என்று காட்டினார். மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் என்பதால் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை, மூன்றடி உயரம், முன்வாசலில் ஆறு படி.

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நின்றாள். நாலு பக்கமும் பார்த்தாள்.

"உங்க அக்கா ரூம் எங்க கீது?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் நூல்கண்டைச் சுற்ற ஆரம்பித்தார். ஆஸ்டல் விஷயத்தை இழுத்து இழுத்துச் சொன்னேன். அக்காவே கேட்டுக்கொண்டது என்றும் சேர்த்தேன்.

"அவுங்க சொன்னாங்க, நீங்க தலையாட்டினீங்க. மத்தியானத்துக்கு மேல அவுங்க தண்ணியே குடிக்கிறதில்ல. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. எங்கள் போர்ஷனில் ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்துக் கொல்லைக் கோடியில் ஒரே கழிப்பறை. போகிற வழியெல்லாம் பாசி. இருட்டிய பிறகு அங்கே போகப் பயந்து அக்கா தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நான் கவனிக்கவில்லை. அவளோடு பேசாதவள் கவனித்திருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அதே நொடியில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதும் உண்மை. நான் பயந்து பயந்து கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு, அவளே பதில் சொல்லிவிட்டாள்.

மனைவி அதோடு நிற்கவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அக்காவின் பக்கம் நேராகத் திரும்பினாள். "கிச்சன் எனக்கு, பின்னாடி, கதவு வெச்சு. நான் சமைக்கும்போது யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

அக்கா தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு வெளிய போக வர தனி வாசல் வேணும். எப்ப வந்தே, எங்க போறேன்னு யாரும் கேக்கக் கூடாது" என்றாள்.

"சரி" என்றாள் மனைவி.

பாய் காலாலேயே கோடுகளை அழித்தார். அதன் பிறகு என் பிளானை யாரும் கேட்கவில்லை. பக்கவாட்டில் அக்காவுக்கு அறை, அதை ஒட்டியே பாத்ரூம், உட்காரும் வசதியுள்ள வெஸ்டர்ன் கழிப்பறை. அக்காவால் ஆறு படி ஏற முடியாதே என்று மனைவி சொன்னபோது பாய் மனையின் ஓரத்தை நடந்து அளந்துவிட்டு, "படி வாணாம் அண்ணாத்தே. கேட்லேர்ந்து காம்பவுண்டு ஓரமா சரிவு போட்டுக்கினு போய் அவுங்க வாசல்ல உட்டுடலாம்" என்றார். அதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் போர்ட்டிகோ போயிற்று. ஹால் பத்துக்குப் பன்னிரண்டாகச் சுருங்கியது.

புதுக்கோடுகளுக்குள் அக்கா நடந்து பார்த்தாள். பாத்ரூம் கோட்டுக்குள் போய்த் திரும்பும்போது தடி கோட்டுக்கு வெளியே போனது. பாய் அரை அடி தள்ளிப் போட்டார். மறுபடி திரும்பினாள். இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை சரியாக இருந்தது. கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது, வெளியே திறக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்றாள் மனைவி. உள்ளே விழுந்துவிட்டால் கதவை எப்படித் தள்ளுவது? டூல் ரூமில் நூலிழை கணக்குப் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது இருவரும் லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். நான் பக்கத்துப் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பத்தூரில் இறங்கியபோது, அக்கா அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட சண்டை. நான் குறுக்கே போகவில்லை.

வீடு முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குடிபோன பிறகு இரண்டு பேரும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். கோபம் வந்தால் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்வார்கள். மறுநாள் திறந்துகொள்வார்கள்.

முதல் மழைக்காலத்தில் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. எதிர்வீட்டின் பேஸ்மட்டம் தாழ்வு. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். கைத்தாங்கலாகப் பிடித்துச் சரிவில் மெதுவாக ஏற்றி, அக்காவின் கட்டிலில் படுக்கவைத்தோம். மூன்று நாள் அங்கேதான் இருந்தாள். அக்கா ஹாலில் கோரைப்பாய் விரித்துப் படுத்தாள். தண்ணீர் வடிந்து அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று மாலை, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சேதி வந்தது. மனைவி கேசரி கிண்டினாள். அக்கா சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இன்னும் இரண்டு முந்திரி போட்டால் நன்றாக இருக்கும் என்றாள்.