தண்ணீர் குடிக்காத மந்திரவாதி

அன்புச்செல்வி தன் சித்திரக்கதையில் வரைந்த காட்டான் வேங்கை, ஐந்து இதழ்களாக நஞ்சேந்திரன் என்ற மந்திரவாதியைத் துரத்திக்கொண்டிருந்தான். தன் கூட்டத்தையே அடிமையாக்கிய நஞ்சேந்திரனை அவன் பழிவாங்க வேண்டும். ஆனால் வாளோ நெருப்போ நஞ்சேந்திரனைத் தீண்டாது. அந்த வரத்தைக் கொடுத்ததும் அன்புச்செல்விதான். கொடுத்துவிட்டு, கடைசி இதழில் அவனை எப்படிக் கொல்வது என்று தெரியாமல் ஆர்.எஸ்.புரத்து மாடி அறையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மந்திரவாதியின் முகம் மட்டும் கற்பனையில்லை. மடிந்த இடது காது, மூக்கோரம் மரு, ஆளை ஏற இறங்கப் பார்க்கும் கண், எல்லாமே பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர், அப்பா ‘பண்ணாடி’ என்று கூப்பிடும் முதலாளி மருதாசலம். அவள் சிறுமியாக இருந்தபோது, தீவன மூட்டை இறக்கி மயங்கி விழுந்து எழுந்த அப்பாவின் கைக்குழியில் அவர் எட்ட நின்று தண்ணீர் ஊற்றினார். செம்பு அப்பாவின் கையில் பட்டுவிடக் கூடாதே என்று எவ்வளவு கவனம்! அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா இன்றும் அந்தப் பண்ணையில் வேலைக்காரர்களுக்கான அறையில்தான் இருக்கிறார். அம்மாவைப் புதைத்த மண் பக்கத்தில் இருக்கிறது, விட்டு வரமாட்டேன் என்கிறார்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் மருதாசலமே மாடியேறி வந்தார்.

“ஏனம்மிணி, பேத்தி இந்தப் பொஸ்தகத்தக் காட்டி, ‘தாத்தா, இது நீங்கதானே’ங்கறா. ஊரே சிரிக்குது.”

“கதைதானுங்க...”

“உங்கொப்பன் நம்ம பண்ணை ரூம்புலதான கெடக்கறான்? வயசான காலத்துல எங்க போவான், பாவம். மூஞ்சிய மாத்திப்போடு கண்ணு.”

கண்ணு என்று சொல்லியே கழுத்தைப் பிடித்தார்.

“மாத்திப்போடறனுங்க,” என்றாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது கொங்கு வழக்கம். வாங்கிக் குடிப்பதும் வழக்கம்தான், கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து. டம்ளரை நீட்டினாள். “தண்ணி குடிங்க.”

அவர் உதடு வெடித்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்,” என்று எழுந்துகொண்டார்.

ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்ப் பெட்டிக்கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தார் மனிதர். அவளுக்கு உடம்பு எரிந்தது. அந்த எரிச்சலிலேயே கடைசி இதழும் பிடிபட்டது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நஞ்சேந்திரனுக்குத் தாடியும் நீண்ட மூக்குமாகப் புது முகம் வந்தது. உருமாறுவது மந்திரவாதிக்குப் பெரிய காரியமா என்ன? வேங்கை கோட்டையின் ஊற்றுகளையெல்லாம் அடைத்தான். வாளை உறையில் போட்டுவிட்டு, அடிமைகளின் மண்குடத்தை நிரப்பி எதிரி முன்னால் வைத்தான்.

“குடி.”

“இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்.”

மறுநாளும் அதே பதில். கடைசிப் படத்தில் நிறைகுடம் அப்படியே இருந்தது. பக்கத்தில் நாக்கு வறண்டு செத்துக் கிடந்தான் நஞ்சேந்திரன்.

இதழ் வெளியான பிறகு, போன் அடித்தாலே அவளுக்குப் பகீரென்றது. அப்பாவின் துணிமூட்டை ரோட்டில் கிடப்பதுபோலக் கண்ணில் நிழலாடியது. ஒருநாள் காலையில் மருதாசலமே கூப்பிட்டார்.

“மூஞ்சிய மாத்திட்டே, செரி. ஆனா அவன் சொல்றது...”

“எதுங்க?”

‘அது என் பேச்சு’ என்று சொன்னால், மந்திரவாதி தானேதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

“ஒண்ணுமில்ல,” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அப்பாவின் போன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மணி, பண்ணாடி இன்னைக்கு நம்ம ரூம்பு வாசல்ல வந்து நின்னாரு. அந்தக் கதையப் படிச்சுச் சிரிச்ச லாரிக்காரங்க, வேலைக்காரங்க எல்லாரும் பாக்கறாங்க. ‘தண்ணி குடு’ன்னாரு. நம்ம சொம்புல மோந்து குடுத்தேன்.”

“குடிச்சாருங்களாப்பா?”

“வாய் வெச்சுக் குடிச்சாரு, சொட்டு விடாம.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அப்பறம்?”

“அப்பறமென்ன, அவரு போனதும் சொம்ப நல்லாக் கழுவிக் கவுத்துப்போட்டேன்,” என்றார் அப்பா.