ஹோர்ன் அடிக்காத தெரு

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உட்கார்ந்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். அன்று வாய் திறக்காததை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு மன்னாருக்குத் திரும்பி, உப்புக்குளத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு இடது கண் பார்வை இல்லை. வலது கண்ணிலும் புகை படர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் அவர் காதால்தான் ரோடு கடந்தார். வண்டிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும்; சத்தம் நெருங்கினால் நிற்பார், ஓய்ந்தால் நடப்பார். இங்கே மன்னாரில் வாகனங்கள் அவ்வளவு ஹோர்ன் அடிப்பதில்லை. ரோடு கடக்க மஞ்சள் கோடு போட்ட கடவையில் ஆளைக் கண்டால் பேசாமல் நின்றுவிடும்.

மீன் வாங்கி ஏற்றும் கொட்டில் ஒன்றில், வாடி என்பார்கள், அவருக்கு ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. "தனிய வந்து போவீங்களோ?" என்று முதலாளி கேட்டார். "ஓம்" என்றார் இவர். வேலை தொடங்குவதற்கு முந்திய நாள் வழி பழகப் போனோம். கடைத்தெருவில் புருசனின் கையைப் பிடித்து நடக்க எனக்கு வெட்கம். பத்தடி பின்னால் போனேன்.

"என்னடியப்பா, பொலிசு மாதிரிப் பின்னால வாறாய்?"

"போங்கோ, போங்கோ."

கடவையில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. அது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லையென்று இறங்கி மெல்ல நடந்தார். பாதி வழியில், கெதியாகப் போகட்டும் என்று வான்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்தார். வண்டி மேலே ஏறப்போகிறது என்று நினைத்து இவர் திரும்பினார். "அது நிக்குது, நீங்கள் போங்கோ" என்று நான் கத்தியிருக்கலாம். கடை வாசலில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குரல் வரவில்லை. அவர் பின்னுக்கு ஓடி, கரையோரமாக வந்த சைக்கிளில் மோதி விழுந்தார்.

"கோழி மாதிரிக் குறுக்க ஓடுறியளே!" என்றான் சைக்கிள்காரன்.

வான்காரர் இறங்கி ஓடி வந்தார். "அண்ணை, உங்களுக்காகத்தானே நிண்டனான்!"

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாங்கிலில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "வான் நிண்டதை நீ கண்டனியோ?"

"ஓம்."



மறுநாள் வாடியில் வேறோர் ஆளை எடுத்துவிட்டார்கள்.