கை அசைந்ததா, வயர் அசைந்ததா

வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும் இருக்கிறார்கள். அம்மா கலெக்டர் ஆபீசில் தட்டச்சர். மாடியில் ஓர் அறையை நான் வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். அளவுக் கருவிகளுக்கு சர்க்யூட் வடிவமைப்பது என் தொழில். எடையிலிருந்தோ வெப்பத்திலிருந்தோ வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயரால் பெருக்கி, அதை எண்ணாக மாற்றும் சில்லிடம், அதாவது சிப்பிடம், ஒப்படைக்க வேண்டும். எண் ஆனபிறகு கம்ப்யூட்டர்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் நடக்கும் ரகளையெல்லாம் என் பொறுப்பு.

போன வருடம் ஆடியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. கால் மெதுவாகத் திரும்பியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் வருவார். பௌர்ணமி என்றால் வரமாட்டார், கிரிவலக் கூட்டத்தில் வண்டி நுழையாது. அவர்தான் ஒருநாள் படியேறி வந்து கேட்டார்.

“அக்கா, பெரிய ஆஸ்பத்திரில ஒரு மெஷின் இருக்கு. கை அசையலன்னாலும் தசைக்குள்ள கரன்ட் வருதான்னு ஸ்கிரீன்ல காட்டும். அதப் பாத்துப் பாத்து பேஷன்ட் முயற்சி பண்ணுவாங்க. நீங்க இந்த வேலதான பண்றீங்க? உங்களால முடியுமா?”

“ஒரு வாரம் குடுங்க” என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது.

ஈசிஜி எடுக்கும்போது ஒட்டுவார்களே, அந்த வட்ட ஒட்டிகளை முன்கையில் இரண்டும் முழங்கை எலும்பின் மேல் ஒன்றும் ஒட்ட வேண்டும். தசை வேலை செய்தால் முதல் இரண்டுக்கும் நடுவே துளியூண்டு மின்னழுத்தம் வரும். ஆனால் வீட்டு வயரிங்கிலிருந்து வரும் மின் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரிது, நம் உடம்பே அதற்கு ஆன்டெனா. இரைச்சல் இரண்டு ஒட்டிகளுக்கும் ஒரே மாதிரி வருவதால், பொதுவாக இருப்பதைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். மூன்றாவது ஒட்டி வழியாக இரைச்சலைத் தலைகீழாக்கி உடம்புக்கே திருப்பிக் கொடுத்தேன். பேட்டரியில்தான் எல்லாம் ஓடியது, லேப்டாப் சார்ஜரைக்கூடப் பிடுங்கிவிட்டேன். என் கையில் ஒட்டிப் பார்த்தபோது, முஷ்டியை மடக்கினால் திரையில் புதர் மாதிரி அலை எழுந்தது.

கீழே கொண்டுபோனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிசியோ பெண் ஒட்டிகளை ஒட்டினார்.

“மணிக்கட்ட மேல தூக்குறதா நெனச்சு முயற்சி பண்ணுங்கம்மா.”

அம்மாவின் முகம் இறுகியது. கை அசையவில்லை. திரையில் கோடு எகிறியது.

“இன்னாங்க அது? என் கையா?” என்று அம்மா கேட்டார்.

“உங்க கைதான்” என்றேன்.

இன்னும் நாலைந்து முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் கோடு எகிறியது. அம்மாவின் கணவர் உடனே பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார். சாயங்காலம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, விபூதியும் ஒரு கிண்ணம் கேசரியும் என் வாசலில் நின்று கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலை, லேப்டாப்பில் பதிவாகியிருந்ததை லேசாகச் சுத்தம் செய்து பிசியோ பெண்ணுக்கு அனுப்பலாம் என்று திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தசையின் அலை நெருக்கமாக, நொடிக்கு ஐம்பது, நூறு தடவை துடிக்கும். இது நொடிக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் மெதுவாக ஊஞ்சலாடியது. என் கையில் ஒட்டிக்கொண்டு, தசையைத் தளர்த்தி, வயரை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். அதே ஊஞ்சல். அம்மா முயற்சி செய்யும்போது தோளைத் தூக்கியிருக்கிறார். தோள் நீளமான வயரை இழுத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் விசுவாசமாகப் பெருக்கியிருக்கிறது.

வேறு யாராவது இப்படி ஒரு அளவைக் காட்டியிருந்தால் முதல் கேள்வியே வயரைப் பற்றித்தான் கேட்டிருப்பேன். அன்று கேட்கவில்லை. கோடு எகிற வேண்டும் என்று நான் காத்திருந்தேன், எகிறியது, நம்பிவிட்டேன்.

பிசியோ பெண்ணுக்கு போன் செய்தேன்.

“சொல்லாதீங்கக்கா” என்றார். “நேத்துலேந்து அவங்க எவ்ளோ உற்சாகமா இருக்காங்க தெரியுமா? அந்த உற்சாகத்துல நெஜமாவே கை வந்துடும். மெஷின அப்புறம் சரி பண்ணிக்கலாம்.”

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. நாள் முழுவதும் வேறு வேலை பார்ப்பதாகப் பாவனை செய்தேன். ஆனால் அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பழகப்போகிறார். தோளைத் தூக்கினால் கோடு எகிறும் என்றால், அவர் தோளைத் தூக்கவே கற்றுக்கொள்வார். கை அப்படியே கிடக்கும். நாலு மணிக்குக் கீழே இறங்கிப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். கணவர் கையிலிருந்த பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

“அப்போ நேத்து வந்தது ஒண்ணுமே இல்லையா?” என்றார் அம்மா.

“வயர் அசைஞ்சதும்மா. நான் கவனிக்காம சொல்லிட்டேன்.”

“சரி. போ” என்றார். அந்த வீட்டில் என்னிடம் அவர் அப்படி வெடுக்கென்று பேசியது அதுதான் முதல் முறை.

மூன்று நாள் நான் படியில் சத்தமில்லாமல் ஏறி இறங்கினேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டனுப்பினார்.

“முப்பது வருஷம் டைப் அடிச்சிருக்கேன். தப்பு வந்தா அடிச்சவதான் திருத்தணும். கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. சரி பண்ணி எடுத்துனு வா.”

புதிதாகவே செய்தேன். ஆம்ப்ளிஃபயரைப் பத்து ரூபாய் நாணய அளவு பலகையில் கட்டி, ஒட்டிகளுக்குப் பக்கத்திலேயே கையில் பட்டையால் இறுக்கினேன். இரண்டுக்கும் நடுவே ஆடுவதற்கு நீள வயரே இல்லை. மெதுவான அலைகளைத் தடுக்கும் வடிகட்டி சேர்த்தேன். பெருக்கத்தை எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு நாள் போனது. கம்மியாக வைத்தால், எண்ணாக மாற்றும் சில்லு உணரும் மிகச் சிறிய அளவைவிடச் சின்னதாகத் தசையின் அலை அமுங்கிவிடும். ஜாஸ்தியாக வைத்தால், தோலிலிருந்து வரும் தேவையற்ற மின்னழுத்தத்திலேயே ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கடைசியில் பெருக்கத்தை இரண்டு கட்டமாகப் பிரித்து, வடிகட்டியை நடுவில் வைத்தேன்.

இப்போது கோடு தட்டையாக இருந்தது. அம்மா தோளைத் தூக்கினாலும் தட்டை. இரண்டு வாரம் தினமும் காலையில் அரைமணி நேரம் அந்தத் தட்டைக் கோட்டின் முன் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், கோட்டின் தடிமன் லேசாகக் கூடிய மாதிரி இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏதோ வருது, இல்ல?”

“தெரியலம்மா. நான் ஆசைப்பட்டுப் பாக்கறேனோன்னு இருக்கு.”

அம்மா சுவரைக் காட்டினார். “நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. ஸ்கிரீன மட்டும் பாரு, என்னப் பாக்காத. நான் எப்போ முயற்சி பண்றேன்னு உனக்குத் தெரியக்கூடாது.” கணவரிடம், “நான் கண்ண மூடுனா முயற்சி பண்றேன்னு அர்த்தம். நேரத்தக் குறிச்சுக்கோங்க. வாயால ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய சோதனை அது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். கோடு தடித்ததாகத் தோன்றிய நேரங்களைக் குறித்தேன். கால் மணி நேரம் கழித்து இரண்டு தாளையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டு இடங்களில் நான் தவறவிட்டிருந்தேன். மற்றவையெல்லாம் பொருந்தின.

கணவர் போனை எடுத்தார். “இருங்க, நாளைக்கும் ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லலாம்” என்று அம்மா தடுத்தார். மறுநாளும் பார்த்தோம். மறுநாளும் பொருந்தின.

தை பிறப்பதற்குள் மணிக்கட்டு கண்ணுக்குத் தெரியும்படி நிமிர்ந்தது. விரல்கள் முழுதாக வரவில்லை, இனி வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பிசியோ பெண் அந்தக் கருவியை இப்போது அடி அண்ணாமலையில் ஒரு விவசாயிக்குப் பயன்படுத்துகிறார். முதல் நாள் என்னையும் கூட்டிப்போனார். திரையில் கோடு எழுந்ததும் விவசாயியின் மனைவி ஆவலோடு என்னைப் பார்த்தார். “இன்னும் நாலு தடவ பாத்துட்டு சொல்றேங்க” என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எங்களுக்கு மோர் கொடுத்தார்.