வளைந்த தகடும் வெற்றுத்தாளும்

மனோகரி அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய வெல்டர் முருகேசன். பருவம் தொடங்குமுன் சித்தூரில் எங்கள் மாம்பழக்கூழ் ஆலையைக் கழுவிக்கொண்டிருந்தோம். "மேடம், அக்கா காத்தால போய்ட்டாங்க. நெஞ்சுவலின்னாங்க, அவ்ளோதான்" என்றார். இதைப் படிக்கும் சிறுதொழில் சங்கத்தாரில் அவரோடு சண்டை போடாதவர்கள் குறைவு. நானும் போட்டிருக்கிறேன்.

ரேணிகுண்டாவில் இருந்த அக்காவின் வெல்டிங் ஷெட்டில் முதலாளியும் அவரே, முதல் வெல்டரும் அவரே. ஒரு பருவத்தில் எங்கள் நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுப்போனது. வாசலில் பழ லாரிகள் வரிசையாக நின்றன. முருகேசன் பற்றவைத்து முடித்ததை அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அறுத்துப் போட்டு மறுபடி வை" என்றார். நான் கெஞ்சினேன். "உனுக்குப் பழம் அழுகிப் பூடும். இது புட்டுக்கினா ஆளு வெந்துடுவான். கம்முனு இரு தங்கச்சி." அன்று அவர்மேல் எனக்குக் கோபம்தான்.

பிறகு அரசின் வரைவு விதி வந்தது. நீராவிக் குழாயைத் தொடும் வெல்டர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம். அதற்குப் பத்தாம் வகுப்பும் எழுத்துத் தேர்வும் வேண்டும். தொழில் நடத்துபவர்களின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். சங்கத்தின் பதிலை எழுதும் பொறுப்பு எனக்கு. எங்கள் ஆட்களுக்கு நாங்களே சான்றிதழ் தர அனுமதி வேண்டும் என்று எழுதினேன். திருப்பதிக் கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்தார். "என் ஆளு நல்ல ஆளுன்னு நானே எழுதிக்கினா எவன் நம்புவான்?"

"அப்போ உங்க முருகேசன இன்னா பண்ணுவீங்கக்கா? அவரு மூணாங்கிளாஸே தாண்டலயே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பு அடங்க நேரமானது. பாலசமுத்திரத்திலிருந்து வந்து இருபது வருடம் அந்த ஷெட்டில் நின்றவர் முருகேசன். விதி அப்படியே வந்தால் அவருக்கு வேலை இல்லை. அக்கா உட்கார்ந்துவிட்டார்.

வரைவில் இருந்தபடியே சங்கம் ஒரு மாதிரித் தேர்வு நடத்தியது. யாரும் எதிர்பாராமல் அக்காவே போய் எழுத உட்கார்ந்தார். செய்முறையில், பற்றவைத்த தகட்டை இயந்திரத்தில் வளைப்பார்கள். இணைப்பில் விரிசல் விழக்கூடாது. அவருடைய தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கேள்வித்தாள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவர் தெலுங்கு பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் படித்தது திருவள்ளூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில். தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதிகாரிகள் கருத்துக் கேட்க வந்த நாளில், வளைந்த தகட்டையும் அந்தத் தாளையும் மேசைமேல் வைத்தார். தெலுங்கில் அவர் கேட்டது இதுதான்: "சார், இது என் கை. இது என் பேப்பர். கொதிகலன் எதைப் பார்க்கும்?"

கேள்விகளை வாய்மொழியாக, அவரவர் மொழியில் கேளுங்கள். பள்ளிப் படிப்பைக் கேட்காதீர்கள். தகட்டைச் சோதிப்பவர் மட்டும் வெளியாளாக இருக்கட்டும் என்றார். "சங்கத்தின் கடிதம் வேறு சொல்கிறதே?" என்று அதிகாரி கேட்டார். சங்கத் தலைவர் என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. நான் எழுந்து, அந்தக் கோரிக்கையை எழுதியவள் நான், அது தவறு என்றேன். அதன்பிறகு தலைவர் பல மாதம் என்னோடு பேசவில்லை.

விதி பெரும்பாலும் அக்கா கேட்டபடியே வந்தது. முதல் தேர்வில் அக்கா தேறினார், முருகேசனின் தகடு விரிசல் விட்டது. பதற்றத்தில் அவசரப்பட்டுவிட்டாராம். அன்றைக்கு ஷெட்டில் நானும் இருந்தேன். "உன் கை எனுக்குத் தெரியும். சோதிக்கிறவனுக்குத் தெரியாதே. மறுபடி டெஸ்ட்டுக்குப் போய் பாஸாவுற வரிக்கும் வாசக் கேட்டு, ஜன்னல் கிரில்லு அடிச்சிக்கினு இரு" என்றார் அக்கா. சம்பளத்தைக் குறைக்கவில்லை. தனியாளாய்ச் செய்ய முடியாத ஒரு பெரிய குழாய் வேலையைத்தான் கைவிட்டார். இரண்டாம் முறை முருகேசன் தேறியபோது, "இப்போ வெளியாளுக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லி, அவர் கையில் வெல்டிங் முகமூடியைக் கொடுத்தார்.

நிறுவனம் நடத்துகிறவர்களின் பேச்சை அரசு கேட்கும் இடத்தில் நமக்கு எது வசதி என்பதைத்தான் முதலில் எழுதுவோம். அந்தப் பழக்கம் எனக்கு அவரால் விட்டுப்போனது. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.

இந்த வாரம் எலக்ட்ரீஷியன்களுக்கான வரைவு வந்திருக்கிறது. சங்கத்தின் பதிலை மறுபடி என்னையே எழுதச் சொன்னார்கள். 'சான்றிதழ் தரும் அதிகாரம் எங்களுக்கு வேண்டாம்' என்பது முதல் வரி. படித்துவிட்டு ஒரு உறுப்பினர் தொலைபேசியில் கத்தினார்: "இன்னாமா, அந்தம்மா போயும் அவங்க பேச்சாவே கீது?"

"இல்லீங்க, இது என் பேச்சு" என்றேன்.