கொடுமுடித் தோப்பில் பார்த்த திமிஷ்குக் கத்தி

முப்பத்தைந்தாம் வருஷம் மாசியில் ஒரு நாள், காலை ஐந்தரை மணி ரயிலில் கோயமுத்தூரை விட்டேன். கோட்டைமேட்டில் கத்திக்குச் சாணை பிடிப்பதும் உருக்கின் தரம் பார்த்துச் சொல்வதும் என் தொழில். கொடுமுடியிலிருந்து நல்லம்மாள் என்ற பண்ணைக்காரப் பெண்மணி கடிதம் போட்டிருந்தார். இறந்துபோன கணவரின் கத்தி அசல் திமிஷ்கு, அதாவது டமாஸ்கஸ் உருக்குதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஈரோட்டில் வண்டி மாறி, ஏறத்தாழ இருபத்துநான்கு மைல் போய், பதினோரு மணிக்கு இறங்கினேன். வீட்டைச் சொன்னதும் ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், அந்த ஊட்டுக்குங்களா? தோப்பு முக்குலயே எறக்கி உட்டர்றனுங்க. அதுக்கு மேல குதிரை போகாதுங்க."

சொன்னபடியே குதிரை முக்கில் நின்றுவிட்டது. தென்னைகளுக்குள் இரண்டு பர்லாங் நடந்தேன். உச்சி வெயிலில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

நல்லம்மாள் கத்தியை நீட்டினார். "ஆத்துல கால் வழுக்கி, இடுப்புல இருந்த கத்தி மேலயே உழுந்து போய்ட்டாருன்னு கொழுந்தனார் சொன்னாருங்க. இதக் கொண்டாந்து குடுத்ததும் அவருதானுங்க. எனக்கென்னமோ இது எங்க ஊட்டுக் கத்தியாட்டம் தெரியலீங்க."

அலகை நகத்தால் சுண்டினேன். நல்ல உருக்கு மணிபோல் நீளமாக அதிரும். இது சட்டென்று அடங்கியது. அலகில் நீரலை போன்ற வரிகள் இருந்தன. ஓரிடத்தில் உப்புத்தாளால் தேய்த்து எலுமிச்சைச் சாறு விட்டேன். அசலானால் வரி இரும்புக்குள்ளேயே ஓடும். அழித்தாலும் சாறு பட்டால் எழுந்துவிடும். கால் மணி ஆகியும் எழவில்லை. திராவகத்தால் மேலே எழுதிய வரி அது.

"சாறு பத்தலையாட்டம் இருக்குதுங்க பாய்."

கொழுந்தனார் செங்கோடன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. சிரித்தபடி இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவி, இன்னொரு எலுமிச்சையை அறுத்தார். கத்தியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஈரமான அந்த அலகில் சாம்பல் நிற வரிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 

நல்லம்மாள் அந்தக் கத்தியைக் கையில் எடுத்தார்.

"இது எங்க ஊட்டு அலகுங்க. பிடிய மட்டும் மாத்திப்போட்டீங்க, கொழுந்தனாரே."

செங்கோடனின் சிரிப்பு மாறவில்லை. பார்வை மட்டும் என்மேல் திரும்பியது.

"எது அசலுங்க பாய்? சொல்லுங்க" என்றார் நல்லம்மாள்.

"உங்க கையில இருக்கறதுதானுங்க அம்மணி" என்றேன்.

செங்கோடன் எழுந்து தோப்புக்குள் நடந்தார். காய்ந்த மட்டைகள் கிடந்த தரையில் அவர் நடந்த சத்தமே கேட்கவில்லை. இரண்டு கத்திகளையும் எடுத்துக்கொண்டு நானும் நல்லம்மாளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலை ரயிலில் ஜன்னல் பக்கம் உட்காரத் துணியவில்லை.

கோட்டைமேட்டில் எது அசல், எது போலி என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்; முகம் சுளித்துப் போவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். ஆனால் செங்கோடன் இன்றுவரை வீடு திரும்பவில்லை என்று நல்லம்மாள் எழுதுகிறார்.