வியாழக்கிழமை முறை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை லீவு. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். கதை விட எனக்கு வேறு விஷயமா கிடைக்காது? பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் அப்படித்தான். ஞாயிறு ஒரு லீவு, நடுவில் வியாழன் ஒரு லீவு. சனிக்கிழமை எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். பிறகு கொடி மாறியது. கொடி மாறியதில் எங்களுக்கு முதலில் மிட்டாய் வந்தது, மறுவருஷம் சனிக்கிழமை லீவு வந்தது. வியாழக்கிழமை போயிற்று.

மிட்டாய் தின்றபோது இது தெரியவில்லை.

எங்கள் ஊர் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே, கத்தரியும் நெல்லும் விளையும் சின்ன ஊர். ஒரே வாத்தியார், ஒரே கூடம். வலது பக்கம் பெண்கள், இடது பக்கம் பையன்கள். பையன்களை நாங்கள் ஆள் கணக்கிலேயே சேர்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் எனக்கு எல்லாம். கூலிக்கு நாற்று நடுகிற வீட்டுப் பெண். அதிகம் வாய் பேசமாட்டாள், அந்தக் குறையை நான் தீர்த்து வைப்பேன். கணக்கு எனக்கு வராது, அதை அவள் தீர்த்து வைப்பாள்.

அவள் பள்ளிக்கூடம் வந்ததே வியாழக்கிழமை புண்ணியத்தில்தான். டவுனில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டை அப்படித்தான் சொல்வோம். வீட்டுக்காரர் எங்கோ கடல் தாண்டி இருந்தார். மதாம் என்று நாங்கள் கூப்பிட்ட அவர் மனைவி மட்டும் ஐந்து வயதுப் பையனோடு இருந்தார். வியாழக்கிழமைகளில் மதாம் கன்னியர் மடத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவார். அன்று பகல் முழுக்கப் பையனைப் பார்த்துக்கொள்வது இவள் வேலை. பதிலுக்கு மதாம் சிலேட்டு, புத்தகம், கவுன் எல்லாம் கொடுப்பார். அது வருகிற வரைக்கும் படிக்கட்டும், நின்றால் களைபறிக்க வரட்டும் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார்.

இப்போது பாருங்கள் கூத்தை. எங்கள் லீவு சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. டவுனில் அந்தப் பையன் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பழையபடி வியாழன்தான் லீவு. இவள் ஒரு வியாழன் வரவில்லை, மறு வியாழனும் வரவில்லை. வாத்தியார் கூப்பிட்டு, "இன்னொரு வியாழக்கெழம வரலன்னா பேர அடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. புதுச் சட்டம் வந்த புதிதில் எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே சட்டம் பேசினார்கள். முன்பெல்லாம் அவரை முசே என்று கூப்பிடுவோம், இனிமேல் சார் என்றுதான் சொல்ல வேண்டும் என்றுகூட உத்தரவு போட்டிருந்தார்.

டவுனுக்குப் போனால் பேர் போகும். போகாவிட்டால் புத்தகம் போகும். எப்படிப் பார்த்தாலும் அடுத்த வாரம் அவள் களைபறிக்கத்தான் போகவேண்டும். அவள் அழவில்லை. சிலேட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. போகிற வழியில் ஓணான் மேல் கல்லை விட்டெறிந்தேன்.

வாய்க்கால் ஓரமாக நாங்கள் இரண்டு பேரும் வரும்போது அங்கே வழக்கம்போல் சண்டை. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்று இவர் வயலுக்கு, நாளை அவர் வயலுக்கு. "இன்னிக்கு எம் மொறயா உன் மொறயா?" என்று ஒருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அடியே, நாம மொற வெச்சிக்கலாம்டி!"

"இன்னாத்துக்கு?"

"வியாழக்கெழமைக்கி! ஒரு வாரம் நான் போறேன், ஒரு வாரம் இன்னொருத்தி. யாரு பேரும் போவாது."

"ஐயோ வேணாம்டி. மாட்டிக்கினா?" என்றாள் அவள்.

வேண்டாமாம்! இவளைக் கேட்டா நான் எதையும் செய்கிறேன்? மறுநாளே வகுப்புப் பெண்கள் எல்லாரையும் கிணற்றடியில் கூட்டினேன். அந்த வீட்டில் அடுப்பிலிருந்து வந்த நீள ரொட்டி உண்டு, வெண்ணெய் உண்டு, ஆடுகிற நாற்காலி உண்டு என்று அளந்தேன். அவ்வளவுதான், முதல் முறை யாருக்கு என்று அடிதடி ஆகிவிட்டது. மதாமுக்கும் யார் வந்தாலும் சரியாகத்தான் இருந்தது. புத்தகம், சிலேட்டு மட்டும் பழையபடி அவளுக்கே என்று பேசி வைத்துக்கொண்டோம். வாத்தியாரிடம் சொல்லக் காரணம் வேண்டுமே? வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நோய் அதுதான்.

என் முறையும் வந்தது. அந்தப் பையன் இருக்கிறானே, அப்பப்பா! ரொட்டியைக் காக்கைக்குப் போட்டான். என் சடையைப் பிடித்து வண்டி ஓட்டினான். கடைசியில் கையைக் கடித்தான். நானும் கடித்தேன். "போடா எருமை" என்றேன். அவன் அழவில்லை, வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான். யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது. அப்புறம் சாயங்காலம் மில் சங்கு ஊதுகிற வரைக்கும் எருமை, எருமை என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே சுற்றினான்.

ஒவ்வொரு வியாழனும் ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி. இந்த வாரம் வந்தவளுக்கு அடுத்த வாரம் வராது, வேறொருத்திக்கு வரும். வாத்தியார் கவலைப்பட்டுப் போனார். வயிற்றில் பூச்சி, அதுவும் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தொற்றுகிற பூச்சி என்று அவராகவே கண்டுபிடித்தார். வியாழன் வருகிற வலியைப் புதன்கிழமையே தடுக்க வேண்டும் அல்லவா? வைத்தியரிடம் சொல்லி ஒரு ஜாடி நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி வாங்கி வந்தார். தன் கைக்காசு போட்டு வாங்கினார், பாவம்.

கசப்பு என்றால் அப்படிக் கசப்பு. காது வரைக்கும் கசந்தது. புதன்கிழமை மத்தியானம் பெண்கள் எல்லாம் வரிசையில் நிற்க, ஆளுக்கு ஒரு டம்ளர். நகத்தளவு வெல்லம். எதிர்ப்பக்கத்தில் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்படியும் வியாழக்கிழமை ஒருத்தி வரமாட்டாள். "கேக்கல போலிருக்கே" என்று வாத்தியார் அடுத்த வாரம் டம்ளரை நிரம்ப ஊற்றுவார்.

வகுப்பிலேயே ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் கஷாயம் கிடையாது. "இப்பல்லாம் ஒரு வியாழக்கெழம தவறாம வர்ற ஒரே பொண்ணு, வயித்து வலியே இல்லாத பொண்ணு" என்று வாத்தியார் அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டார். அவள் அங்கிருந்து நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொருத்தி முகம் கோணும்போதும் அவள் முகமும் கோணும். பேர் போகாமல் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கசப்பு கொஞ்சம் குறையும். கொஞ்சம்தான்.

ஒருத்தி பொங்கிவிட்டாள். "அவ படிக்கிறதுக்கு நான் எதுக்குடி கசப்பு குடிக்கணும்?"

"ரொட்டி துன்னும்போது இனிச்சிதில்ல?" என்றேன். அவள் தன் அடுத்த முறை எப்போது என்று கேட்டுக்கொண்டு போனாள். யாருமே இதை வெளியில் சொல்லவில்லை. அந்த வயதில் அத்தனை பெண்கள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினோம் என்றால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ரகசியம் எங்களால் உடையவில்லை. எருமையால் உடைந்தது.

ஒரு புதன்கிழமை, கஷாய வரிசை நிற்கும்போது, வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. குடையோடு மதாம் இறங்கினார். நான் முன்னால் நின்றவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். மதாம் உள்ளே வந்து எங்களை வரிசையாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள்.

"பொன்ழூர் முசே. ஒங்க பொண்ணுங்க வாரம் ஒருத்தியா வந்து நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா பையன் என்னையே எருமைன்னு கூப்புடுறான். சாப்பாடும் எறங்கல. மொதல்ல வந்த பொண்ணு ஊட்டுனாத்தான் சாப்புடுவானாம். அவளையே அனுப்புங்களேன்."

வாத்தியார் கையில் டம்ளரோடு நின்றார். மதாமைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "எவ யோசன இது?" என்றார். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமைக்குக் குறைச்சல் இல்லை.

"மொற வெச்சிக்கினோம் முசே" என்றேன். பயத்தில் சார் மறந்துபோய்விட்டது. "தண்ணிக்கி வெக்கிற மாதிரி. இல்லன்னா அவ பேரு போயிடும்."

அடி விழும் என்று கையை நீட்டினேன். அடி விழவில்லை. வாத்தியார் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு மதாமிடம் சொன்னார்: "பொண்ண அனுப்ப முடியாது மதாம். பையன இங்க அனுப்புங்க. அவ பக்கத்துல குந்தட்டும்."

மறுநாளே அவன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து, வியாழக்கிழமை தோறும் அ, ஆ படித்தான். மத்தியானம் அவள் ஊட்டினால் சாப்பிட்டான். புத்தகமும் கவுனும் நிற்காமல் வந்தன. அவள் அதே கூடத்தில் கடைசி வகுப்பு வரைக்கும் படித்துவிட்டுத்தான் போனாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. மதாம் போனதும் வாத்தியார் ஜாடியை எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. "வாங்குன மருந்த கொட்ட முடியாது. பொய் சொன்ன வாய்க்கி இதான் மருந்து. வரிசையில நில்லுங்க" என்றார்.

நான்தான் முதலில் நிற்க வேண்டியவள். நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தி வந்து புகுந்தாள். திட்ட வாயெடுத்தேன், பார்த்தால் அவள்.

"நீ எதுக்கும்மா? நீ போயி குந்து" என்றார் வாத்தியார்.

வாயே பேசாதவள் பேசினாள். "எனக்கும் ஊத்துங்க சார். நெறய ஊத்துங்க."

ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் எட்டுக் கோணலாகப் போனது, வெல்லத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பையன்கள் பக்கத்தில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். டம்ளரை வாத்தியாரிடம் நீட்டி மறுபடி நிரப்பி வாங்கினாள். திரும்பி என் கையில் வைத்தாள்.

"இந்தா. இப்ப உம் மொற."